பர்ச்சுக்குப் போன பரிசம்

மலாயா சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் மலாக்காவிலிருந்து எனக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. அப்போது நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியர். எங்கள் அலுவலகத்தின் தொலைபேசி, அச்சுக்கூடத்துக்குப் போகும் வழியில் சுவரோரமாக இருந்தது. இயந்திரம் ஓடும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். அன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா உங்கள வரச் சொல்றாரு," என்றாள் அவள். அவள் பேசியது மலாய். "அடுத்த சனிக்கிழம. பர்ச்சு."

"என்னது?"

"பர்ச்சு!"

"பரிசமா?"

"ஆமா, பர்ச்சு. லேட்டா வந்து நிக்காதீங்க."

காதில் விழுந்ததை மறுபடி கேட்டு உறுதி செய்யாமல் எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆமாம் என்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சுக்காரி குறுக்கே வந்தாள்.

அவள் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவள். மலாக்கா ஊருக்குள்ளேயே, காஜா பேராங் பகுதியில், தங்கள் குடும்பக் கோயில்களைச் சுற்றிச் சில நூறு பேர் வாழ்கிறார்கள். தென்னாட்டிலிருந்து எப்போதோ வணிகம் செய்ய வந்து தங்கிவிட்டவர்களின் வழி வந்தவர்கள். திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், கோயில் திருவிழாவில் அலகு குத்துவார்கள். தமிழ் பேச மாட்டார்கள். வீட்டில் பேசுவது ஒரு வகை மலாய். நடுநடுவே தமிழ்ச் சொற்கள் ஓரம் தேய்ந்து கிடக்கும். பரிசம் என்ற சொல் அப்படித் தேய்ந்து பர்ச்சு ஆகியிருக்கிறது என்று நான் முடிவு கட்டியதில், மொழி தெரிந்தவன் என்கிற எண்ணமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஆசைதான் அதிகம்.

அதற்கு முந்தைய ஆண்டு, சுதந்திரத் தேதியை அறிவித்த பொதுக்கூட்டத்துக்காக மலாக்கா போயிருந்தேன். நிருபர் காய்ச்சலில் படுத்ததால் என்னை அனுப்பினார்கள். திடலின் ஓரத்தில் ஓர் ஆசிரியை மாணவிகளை நிழலில் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். கெபாயாச் சட்டை, சாரோங், நெற்றியில் திருநீற்றுக் கீற்று. "எந்தப் பள்ளிக்கூடம்மா நீங்க?" என்று தமிழில் கேட்டேன்.

"நெத்தியப் பாத்து ஏமாந்தீங்களா?" என்று மலாயில் திருப்பிக் கேட்டாள். "எனக்குத் தமிழ் வராது."

அன்று நான் அனுப்பிய செய்தியில் அந்தப் பள்ளியின் பெயர் மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. அதன்பின் மலாக்காவில் செய்தி இருக்கிறது என்று நான் அடிக்கடி கண்டுபிடித்தேன். கோயில் திருவிழா, கூட்டுறவுச் சங்கக் கூட்டம், குருபோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தகராறு. செய்தியை முடித்துவிட்டு, அவள் பள்ளி விடும் நேரத்துக்கு ஆற்றுப் பாலத்துக்கு வந்துவிடுவேன்.

மலாக்கா ஆறு பெரிய ஆறல்ல. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் இருப்பவர் என்ன முகபாவத்தில் இருக்கிறார் என்று தெரியும். கடைவீடுகள் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். பின்கட்டுப் படிகளில் பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள். பழக் காலத்தில் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து டுரியானும் மங்குஸ்தீனும் டுக்குவும் வந்து கரையோரம் குவியும். வாடை ஊரின் மறுகோடிவரை போகும். கடல் ஏறும் நேரத்தில் ஆறு பின்னோக்கி ஓடும். சந்தையில் எறிந்த ரம்புத்தான் தோல்கள் சிவப்புச் சிவப்பாக உள்நாட்டை நோக்கி மிதந்து போகும். நீர் வற்றும்போது அதே தோல்கள் அதே வழியில் திரும்பி வரும்.

"இந்த ஊர்ல எதுவும் வெளிய போகாது," என்றாள் ஒருநாள், பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு. "போனாலும் சாயங்காலம் வந்துரும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. தமிழ் தெரியாத பெண்ணா என்று ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பெண் வீட்டாரே பரிசத்துக்கு நாள் சொல்லிவிட்டார்கள் என்றதும் அவளால் அதற்கு மேல் கோபத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

"அவங்களே கூப்புட்டாங்களா? நெசமாவா?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அத்தான்தான் அதிகம் அதிசயப்பட்டார். "கொடுத்து வச்ச ஆளு மச்சான் நீ. உங்க அப்பா என்னய ரெண்டு வருசம் நடக்க விட்டாரு. செருப்பு மட்டும் மூணு சோடி."

"அந்தச் செருப்புக்குத்தான் பொண்ணு குடுத்தாரு," என்றாள் அக்கா.

அரக்குச் சிவப்பில் சரிகைக் கரை போட்ட பட்டுச் சேலை ஒன்றை அக்கா தேர்ந்தெடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கற்கண்டு எல்லாம் பொட்டலம் கட்டியாயிற்று. வாடகைக் காரில் விடியும்போதே கிளம்பினோம். அவசரகாலம் இன்னும் முடியவில்லை. ஜோகூரில் ஒரு சோதனைச் சாவடியில் காரை நிறுத்தி, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகிறதா என்று துழாவினார்கள். கற்கண்டுப் பொட்டலத்தை மலாய் போலீஸ்காரர் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு சீனி யாருக்கு?"

அத்தான் சேலைத் தட்டின் மூடியைத் திறந்து காட்டினார். போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. "கல்யாணமா? யாருக்கு?" என்று கேட்டு, என்னைக் கண்டுபிடித்து, சன்னல் வழியாகக் கை கொடுத்தார். என் பரிசத்துக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே வாழ்த்து அது.

பத்து பகாட்டிலும் மூவாரிலும் பெர்ரியில் ஆறு கடந்து, மலாக்கா சேர மதியம் தாண்டிவிட்டது. தட்டுக்குப் பழம் வாங்க ஆற்றங்கரையில் இறங்கினோம். அக்கா வாழைப்பழமும் மங்குஸ்தீனும் எடுத்தாள். நான் டுரியானைக் காட்டினேன். பெண்ணின் தகப்பனாருக்கு டுரியான் மேல் உயிர்; சர்க்கரை வியாதி என்பதால் வீட்டில் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

"பரிசத் தட்டுல டுரியானா? பட்டுச் சேலைக்கு வாடை ஏறாது?"

"வாங்கட்டும் விடு," என்றார் அத்தான். "பொண்ணு கைக்கு வருமோ வராதோ, மாமனாரு கைக்கு வந்துருவாரு."

காஜா பேராங் சாலையில் இறங்கி, கோயிலை ஒட்டிய சந்தில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். முன்னால் அக்கா சேலைத் தட்டுடன். கடைசியில் நான், பிரம்புக் கயிற்றில் கட்டிய டுரியானைத் தொடையில் இடிக்காமல் பிடித்தபடி. வீட்டின் கதவும் சன்னல்களும் விரியத் திறந்திருந்தன. மாவிலை இல்லை, கோலம் இல்லை. சாம்பிராணிப் புகை மட்டும் வாசல் வரை வந்தது.

அவள் கதவருகே நின்றிருந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்துக்கு வந்தது சிரிப்பு. அதை விழுங்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். வெள்ளைக் கெபாயாவில் வந்த அவள் தாயார் "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்தவர், சேலைத் தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அக்கா ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வாசகத்தைச் சொன்னாள். "நல்ல நாளும் அதுவுமா உங்க வீட்டுப் பொண்ணக் கேட்டுப் பரிசத்தோட வந்திருக்கோம்."

தகப்பனார் நாற்காலியிலிருந்து எழுந்து என்னிடம் மலாயில் கேட்டார். "என்ன சொல்றாங்க?"

எனக்குப் பெண் கேட்டதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மலாயில் அதற்கு நாலு சொல் போதும். சொன்னேன்.

தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னைக்கா? செவப்புத் துணியோடயா? ஊராங் துவா வந்திருக்கிற நேரத்திலயா?"

ஊராங் துவா என்றால் பெரியவர்கள். அந்த வீட்டில் அதற்கு இறந்துபோன பெரியவர்கள் என்று பொருள். அப்போதுதான் நாங்கள் கூடத்தைச் சரியாகப் பார்த்தோம். பாயின் மேல் வாழையிலைகள், அவற்றின் மேல் அந்தப் பருவத்தின் பழங்கள் அத்தனையும், கோப்பைகளில் காப்பி, ஒரு குத்துவிளக்கு. இலைகளின் முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

முதலில் புரிந்துகொண்டவள் அக்கா. "டேய், இது பரிசம் இல்லடா. படையல். படைச்சு... பர்ச்சு. படைச்சுடா!"

அத்தான் என் காதருகே குனிந்தார். "மச்சான், பேப்பர்லயும் இப்படித்தான் போடுறீங்களா?"

படைச்சு என்பதுதான் பர்ச்சு ஆனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை. பழக் காலம் வந்ததும், உயிரோடிருப்பவர்கள் வயிறு நிறையத் தின்பதற்கு முன்னால், போனவர்களைக் கூப்பிட்டு முதலில் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

தகப்பனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. "கல்யாணப் பேச்சுக்கு ஊரையே கூப்புடுவோம்," என்றார். "பர்ச்சுக்கு வெளியாளக் கூப்புடுறதில்ல. உங்கள அவங்க ஒரு தடவ பாக்கட்டும்னுதான் கூப்பிட்டேன்."

நான் கேட்டு வந்ததைவிட அவர் கொடுக்க நினைத்தது பெரிது. அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

சேலைதான் சிக்கலாக நின்றது. கல்யாணத் துணியை அன்று உள்ளே வைக்கக்கூடாது என்றார் தாயார். திருப்பி எடுத்துப் போகிறோம் என்றோம். அதுவும் கூடாது. வாசல் தாண்டி வந்துவிட்டது. பர்ச்சு அன்று உள்ளே வந்ததெல்லாம் அவர்களுக்கு. அவர்களுக்கு வந்ததை வெளியே அனுப்பக்கூடாது. அக்கா தட்டைக் கையில் ஏந்தியபடி, உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல், நிலைப்படியை ஒட்டி நின்றாள்.

"அக்கா," என்றாள் என் அக்கா, தாயாரைப் பார்த்து. "எங்க வீட்லயும் புதுச் சேல வச்சுத்தான் படைப்போம். படைச்ச பெறகு வீட்டுப் பொண்ணு எடுத்துக் கட்டிக்கும்."

அக்கா என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மீதியைச் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் சொன்னேன். தாயார் சேலையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிப் போய், ஏற்கெனவே படையலில் சேர்ந்துவிட்ட என் டுரியானுக்குப் பக்கத்தில், விளக்கின் முன்னால் வைத்தார்.

போனவர்கள் சாப்பிடும்போது வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் பின்புறம் வந்தோம். ரம்புத்தான் மரம் காய்த்துத் தாழ்ந்து கிடந்தது. அவளும் நானும் மரத்தடியில் நின்றோம்.

"பரிசமான்னு ரெண்டு தடவ கேட்டேன்," என்றேன்.

"பர்ச்சுன்னு ரெண்டு தடவ சொன்னேன்," என்றாள். அப்போதுதான் விழுங்கிய சிரிப்பு வெளியே வந்தது. முந்தானை இல்லாததால் கையாலேயே வாயை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மரத்தடியில் நின்ற நேரத்தில் எங்கள் காரியம் முடிந்துவிட்டதாகவே நான் நம்பினேன்.

தகப்பனார் கதவருகே போய், விருந்தாளி இருக்கும் அறைக்குள் நுழைபவர் போல ஒருமுறை இருமிவிட்டுத் திறந்தார். எங்களுக்கும் இலை போட்டார்கள். அவர் நேராக டுரியானைப் பிளந்தார்.

"ஒங்க ஒடம்புக்கு ஆகாது," என்றார் தாயார்.

"இது நான் வாங்கல. பெரியவங்க சாப்பிட்டு மிச்சம் குடுத்தது. டாக்டர் வேணும்னா அவங்ககிட்டப் பேசட்டும்."

அத்தான் அவருக்கு அடுத்த சுளையை எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் பொது மொழி என்று சந்தை மலாய்தான்; அதிலேயே பழகிய நண்பர்கள் போலச் சிரித்துக்கொண்டார்கள். விடைபெறும்போது தகப்பனார் என் தோளில் கை வைத்தார். "கேட்டிருக்கேன். அவங்க அவசரப்பட மாட்டாங்க. அடுத்த பர்ச்சுக்கு வாங்க, பதில் சொல்றேன்."

"ஒரு வருசமா!" என்றாள் அக்கா காரில் ஏறியதும்.

"செத்தவங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் அத்தான்.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வந்தது. பெரிய எழுத்தில் தலைப்புகள் போட்டோம். எல்லோரும் தேதியைப் பற்றிப் பேசிய அந்த நாட்களில், அடுத்த பழக் காலம் எப்போது தொடங்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக் காலத்தில் அவள் தகப்பனார் மாரடைப்பில் போய்விட்டார். டுரியான் காலம் முடிந்து வெகு நாளாகிவிட்டது, அதனால் அந்தப் பழத்தின் மேல் பழி இல்லை என்று தொலைபேசியில் அவளே சொன்னாள். பதில் சொல்ல வேண்டியவரை இனி இலை போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது நான் ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த பர்ச்சுக்குத் தனியாகப் போனேன். ஆற்றங்கரையில் இறங்கி டுரியான் மட்டும் வாங்கிக்கொண்டேன். கூடத்தில் அவருக்கும் ஓர் இலை. தாயார் அவருடைய காப்பியைச் சீனி இல்லாமல் கொண்டுவந்து வைத்தார், யோசித்தார், திரும்ப எடுத்துப் போய் சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். நான் டுரியானை அந்த இலையில் வைத்தேன். "இந்தப் புள்ள வந்திருக்கு," என்று தாயார் இலையைப் பார்த்துச் சொன்னார்.

விளக்கின் முன்னால் சேலையும் இருந்தது. மரப்பெட்டியில், பெரியவர்களுக்கு என்று வைத்திருக்கும் துணிகளோடு வைத்துவிட்டார்களாம். அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. கடைக்காரன் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு மரத்தடிக்கு வந்ததும் அந்தப் பதிலைக் கேட்டேன்.

"எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல," என்றாள். "அம்மா இந்த வீட்ட விட்டு வர மாட்டாங்க. நான் வந்துட்டா அப்பாவுக்கு யாரு இலை போடுறது?"

"நான் இங்க வந்துடறேன்."

"வந்து?"

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று. தமிழில் எழுதுவது. அந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகை இல்லை. அந்தச் சந்தில் தமிழ் எழுத்து என்பது கோயில் கல்வெட்டு மட்டும்.

"ஏதாவது வேல பாத்துக்குவேன்," என்றேன்.

"தெரியும். முன் வாசல்ல அப்பா நாற்காலியில உக்காந்து, சிங்கப்பூர்லேர்ந்து நேத்து வந்த பேப்பர வச்சுக்கிட்டு, யாரோ போட்ட தப்பையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டே இருப்பீங்க. கொஞ்ச நாள் கழிச்சு என்னப் பாக்கும்போதும் அந்தப் பென்சில் கையில இருக்கும்." குரலில் கோபம் இல்லை. கீழே கிடந்த ஒரு ரம்புத்தானை எடுத்து நகத்தால் கீறினாள். "அங்க வந்தா நான் தமிழ் தெரியாத தமிழச்சி. ஒங்க அக்கா நல்லவங்க, ஆனா பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னயப் பத்திச் சொல்லும்போது தயங்குவாங்க. இங்க நான் யாருன்னு யாரும் கேக்குறதில்ல."

அவள் உரித்த பழத்தை என்னிடம் கொடுத்தாள். உள்ளே அவள் தந்தை சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றோம். பிறகு அவளே கதவருகே போய், ஒருமுறை இருமிவிட்டுத் திறந்தாள்.

அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நானும்தான். அதைப் பற்றி அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு பழக் காலத்திலும் தொலைபேசி வரும். "சனிக்கிழம பர்ச்சு. லேட்டா வந்து நிக்காதீங்க." நான் கார் பிடித்து, இரண்டு பெர்ரி கடந்து, ஆற்றங்கரையில் இறங்கி டுரியான் வாங்கிக்கொண்டு போவேன். ஊர் பெரிதாக மாறவில்லை. கொடி மாறியது, பாலத்துக்குப் புது வண்ணம் பூசினார்கள், ரம்புத்தான் தோல்கள் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கின்றன. காஜா பேராங் சந்தில் குழந்தைகள் என்னை டுரியான் மாமா என்கிறார்கள். அந்த மாமா என்ற சொல் மட்டும் தேயாமல் இருக்கிறது.

சென்ற முறை போனபோது, விளக்கின் முன்னால் இருந்த சேலையின் மடிப்பு மாறியிருந்தது. கடை மடிப்பு அல்ல. அகலமாக, வேறு விதமாக, கையால் நீவி மடித்த மடிப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"ஒரே மடிப்புல கெடந்தா பட்டு இத்துப்போயிருமாம்," என்றாள். "மாசம் ஒரு தடவ பிரிச்சு மாத்தி மடிக்கிறேன்."

பிறகு இலைகளை எடுக்கப் போனாள்.